நாய்க்குப் போகும் முதல் உருண்டை

சோ கார் ஏரிக்கரையில் சோன்சோம் மதித்த ஜீவன் ஒன்றாவது உண்டா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஏரியையே அவள் மதித்ததில்லை. ஆடு வாய் வைக்காத தண்ணீர் இருந்தென்ன, வற்றினால் என்ன என்பாள். கரை நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பைப் பார்த்தால் "சொறி பிடிச்ச ஏரி" என்று முகத்தைச் சுளிப்பாள். ஊர்த்தலைவரை மதிக்கவில்லை. துக்ஜே மடத்து லாமாவை அவர் தூங்கும் நேரத்தில் மட்டும் மதித்தாள். புருஷன் பல்ஜோரை மதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் பிறந்ததே உப்பு வாரும் இடத்தில்தான். அப்பன் உப்புக்காரன். கோடையில் ஏரிக்கரையைச் சுரண்டி, உப்பைச் சின்னச் சின்னக் கம்பளிப் பைகளில் திணித்து, ஆட்டு முதுகில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி, முந்நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் கணவாயாக ஏறி இறங்கி ஸன்ஸ்காருக்குப் போவார்கள். அங்கே உப்பைக் கொட்டிவிட்டுப் பார்லி வாங்கி வருவார்கள். அந்தக் காலத்தைப் பற்றி இன்றைக்கு வாய் இனிக்க இனிக்கப் பேசும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவனாவது ஆட்டுக்குப் பின்னால் நாலு மைல் நடந்திருப்பானா என்பது சந்தேகம். சோன்சோம் பதினோரு வயதில் நடந்தவள். பை உராய்ந்து ஆட்டின் முதுகு புண்ணாகும், புண்ணில் உப்பு இறங்கும், ஆடு ராத்திரி பகல் பாராமல் கத்தும். கயிற்றை இழுத்துப் பிடித்ததில் அவளுடைய வலதுகை மோதிர விரல் நசுங்கி, பாதி விரல் வழியிலேயே போய்விட்டது. அந்தக் கையில் கட்டைவிரல் போக மீதி மூன்று விரலும் அரை விரலுமாகத்தான் வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள்.

எல்லைச் சண்டைக்குப் பிறகு ரோடு வந்தது, ரோட்டில் லாரி வந்தது, லாரியில் பாக்கெட் உப்பு வந்தது. உப்புக்காரர்கள் எல்லாம் இழவு விழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சோன்சோம் முதல் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து டீயில் போட்டாள். "கசக்கல, மண்ணு இல்ல, ஆடு சாகல. இதுக்கு மேல உப்பு என்ன பண்ணணும்?" என்று அப்பனிடமே கேட்டவள் அவள்.

அந்தக் காலத்திலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் ஒன்றே ஒன்றுதான். காலையில் வெண்ணெய் டீயில் பார்லி மாவைப் பிசைந்ததும், யாரும் வாயில் வைப்பதற்கு முன், ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக் கூடாரத்துக்கு வெளியே நாய்க்குப் போடுவாள். மனிதர்கள் தானியத்தைக் கண்டபடி வீணாக்கியதால் தேவர்கள் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள், நாய் அழுது கேட்டதால் ஒரு கதிர் மிஞ்சியது. ஆகவே நாம் தின்பது நாயின் பங்கு. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மற்றவர்கள் அந்த வழக்கத்தை எப்போதோ காற்றில் பறக்க விட்டுவிட்டார்கள். அதற்காகவும் அவர்கள் மேல் அவளுக்கு இளக்காரம்.

பல்ஜோர் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாமல், ஆனால் அந்தத் துரும்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய ஆள். டூரிஸ்ட் ஜீப் எது வந்தாலும் போய் நின்றுகொண்டு, மாமனாரின் உப்புப் பயணத்தை ஏதோ தானே முன்னால் நடந்து கூட்டிப்போனதுபோல அளப்பான். அதனால்தானோ என்னவோ, லே ஊரிலிருந்து வந்த பறவை ஆபீசருக்குக் கொக்குக் காவலாளி ஒருவன் தேவைப்பட்டபோது, ஊரே ஒருமனதாக அவனைக் கைகாட்டியது. வேலை செய்கிறவர்களை இழக்க யாருக்கும் மனமில்லை.

பச்சைக் கோட்டு ஒன்று, விசில் ஒன்று, பைனாகுலர் ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று. இத்தனையும் மாட்டிக்கொண்டு பல்ஜோர் மேட்டில் போய் உட்கார்ந்தான். உப்பு ஏரிக்குப் பக்கத்திலேயே சின்னதாக நல்ல தண்ணீர் ஏரி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிச் சதுப்பு, சதுப்பைச் சுற்றிப் புல்வெளி. சதுப்பின் நடுவில் ஒரு திட்டில்தான் கருங்கழுத்துக் கொக்கு ஜோடி வருஷா வருஷம் கூடு வைக்கும். அந்தப் புல்வெளியில்தான் வருஷா வருஷம் சோன்சோமின் ஆடுகள் குட்டி போட்டுத் தேறும். வேறு இடத்தில் இரண்டும் நடக்காது.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. மே மாதக் கடைசியில் ஆபீசர் வந்து, ஊரைக் கூட்டி, டீ குடித்து, தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு குஞ்சு கூடப் பறக்கல. மேல இருந்து என்னைக் குடையறாங்க. இந்த வருஷமும் பறக்கலேன்னா நல்ல தண்ணிப் பக்கம் புல்வெளி மொத்தத்துக்கும் வேலி போட்டுடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

"வேலின்னா, ஆடு?" என்றார் ஊர்த்தலைவர் நாம்கா.

"ஆடு வெளியில."

மற்றவர்களுக்கு வேறு வேறு மேய்ச்சல் இருந்தது. சோன்சோமுக்கு அது ஒன்றுதான். அது போனால் எண்பது ஆட்டையும் விற்றுவிட்டு, லேயில் மகள் குன்ஸேஸ் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையின் மூலையில் போய் உட்கார வேண்டியதுதான். குன்ஸேஸ் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே குழாயில் தண்ணீர் வருமாம், டீவி இருக்கிறதாம். குழாயையும் டீவியையும் பார்த்துக்கொண்டு பல்ஜோரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, கறக்க ஒரு மடி இல்லாமல் சாகும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆகிற காரியமில்லை.

குஞ்சு ஏன் பிழைக்கவில்லை என்பதற்குக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நரி என்றார் ஒருவர். அண்டங்காக்கை என்றார் ஒருவர். போட்டோ எடுக்க வருகிறவர்களின் கண்ணேறு என்றார் நாம்கா. ஆபீசர்தான் போட்டு உடைத்தார்.

"நாய்தான். ரோட்டு வேலை கேம்ப் வந்ததுலேர்ந்து மிச்சச் சோறு தின்னு தின்னு நாய் பெருகிப்போச்சு. குறைக்கணும்."

"குறைக்கறதுன்னா?" என்றார் நாம்கா. அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஜெப உருளை நின்றது.

ஆபீசர் கோப்பையைப் பார்த்தார்.

"சாப்! பாவம் சாப்! போன ஜென்மத்துல யாரு பெத்த பிள்ளையோ, எந்த வீட்டு அம்மாவோ!" என்றார் நாம்கா.

"அட, நாய் மேல பாசம் பொத்துக்கிட்டு வருதே" என்றாள் சோன்சோம் பின்வரிசையிலிருந்து. "போன ஜென்மத்துல நாயா இருந்தவங்க எல்லாம் இப்பக் கூட்டத்துல உக்காந்திருக்காங்க போல."

கடைசியில் பாவமும் படாமல் வேலையும் நடக்கிற வழி ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு லாரி பிடித்து, இருபத்திரண்டு நாய்களை ஏற்றி, கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்கள். புண்ணியம் செய்த களைப்போடு திரும்பி வரும்போது பின்னாலிருந்து ஒரு லாரி குரைத்துக்கொண்டே முந்திப் போனது. அந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கும் மூளை இருக்கும் என்று இவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மறுநாள் எண்ணியபோது இருபத்தாறு நாய்கள் இருந்தன.

"அறிவுன்னு ஒண்ணு இருந்தா நாயை லாரியில ஏத்தி அனுப்பியிருக்க மாட்டீங்க" என்று சோன்சோம் தலைவர் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "தீனியை நிறுத்துனா நாய் தானாப் போகும். இதுக்குக் கூட்டம் வேற!"

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை. ரோட்டு கேம்ப்புக்கு நடந்தாள். சமையல்காரன் பீகார்க்காரன், அவள் பேச்சு அவனுக்குப் புரியாது, அவன் பேச்சு அவளுக்குப் புரியாது. கையில் மண்வெட்டியைத் திணித்து, இடுப்பளவு குழி வெட்டும்வரை பக்கத்திலேயே நின்றாள். மிச்சச் சோறு அத்தனையும் குழிக்குள் போய் மண் மூடியது. மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். நாலாம் நாள் அவளைத் தூரத்தில் கண்டதுமே அவன் மண்வெட்டியை எடுத்துவிட்டான். பிறகு கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கினாள். எலும்பு வெளியே கிடக்கக் கூடாது, குடல் கிடக்கக் கூடாது, மோர்த்தண்ணீர் வெளியே ஊற்றக் கூடாது.

"இனிமே எவராவது ஒரு கவளம் நாய்க்குப் போட்டா, கொக்குக் குஞ்சை அவங்களே தின்ன கணக்குத்தான். ஆபீசர் வரும்போது முன்னால நிறுத்தி, இவங்கதான் தின்னாங்கன்னு சொல்லுவேன். யாரா இருந்தாலும் சொல்லுவேன்."

"சரி ஆச்சே, சரி" என்றார்கள் பெண்கள். அக்கா என்று பணிவாகக் கூப்பிட்டாலும், அவள் முதுகு திரும்பியதும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆனால் சொன்னபடி செய்தார்கள். அவள் வாயில் விழுவதைவிடக் குழி வெட்டுவது சுலபம்.

ஜூன் பாதியில் நாய்கள் ஒவ்வொன்றாக ரோட்டோடு தெற்கே அடுத்த கேம்ப்பைத் தேடிப் போய்விட்டன. ஒரே ஒரு பெட்டை நாய் மட்டும் ஐந்து குட்டிகளோடு சதுப்பு ஓரம் தங்கிவிட்டது. ஏதோ சண்டையில் ஒரு காதை இழந்த நாய். ஒத்தைக் காது என்று சோன்சோம் கூப்பிடுவாள். அது காலையில் கூடாரத்துக்கு வந்து, அவள் போடும் உருண்டையைப் பல் படாமல் வாயில் வாங்கிக்கொண்டு, தின்னாமல் சதுப்புப் பக்கம் எடுத்துப் போகும். குட்டிகளுக்குப் போலும். தாயென்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சோன்சோம் நினைத்தாள். உண்மையில் அந்தக் கரையில் அவள் கொஞ்சமாவது மதித்த ஜீவன் அதுதான்.

அந்த உருண்டை ஊருக்கெல்லாம் தான் போட்ட கட்டளையை மீறுவதாக அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. சோறு போடுவது வேறு, பங்கு கொடுப்பது வேறு. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலை, டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது பல்ஜோர் தொண்டையைச் செருமினான்.

"சோன்சோம், அந்த ஒத்தைக் காது இருக்கே, அது உன் கையிலேர்ந்து வாங்கிட்டுப் போயி..."

"முந்தாநாள் தூரக் கண்ணாடியில காட்டுக் கழுதையப் பாத்துக் கொக்குன்னு எழுதி வச்ச. இன்னைக்கு நாயப் பாத்துச் சிறுத்தைன்னு எழுதப் போறியா?"

"அதில்ல. நான் பார்த்தது..."

"நீ பார்த்த லட்சணம்! அங்க உக்காந்து தூங்கறதுக்கு உனக்கு ஒரு கோட்டு, ஒரு விசில். வாயை மூடிட்டு டீயைக் குடி."

பல்ஜோர் டீயைக் குடித்தான். அவனுக்கும் அதுவே சௌகரியமாக இருந்திருக்கும். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனான்.

ஜூலை தொடக்கத்தில் இரண்டு முட்டையும் பொரிந்தன. பழுப்பு நிறத்தில், நிற்கத் தெரியாமல் நிற்கும் இரண்டு குஞ்சுகள். சோன்சோம் தினமும் ஆடுகளை ஓட்டிப் போகும்போது ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணுவாள். அழகை ரசிக்க அல்ல. இரண்டில் ஒன்று பறந்தால் போதும், எண்பது ஆடும் இங்கேயே இருக்கும், குழாயும் டீவியும் குன்ஸேஸோடு இருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். ஆடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, கழுத்தோடு கழுத்தாக ஒரே நீளக் கயிற்றில் கோத்துப் பால் கறந்துகொண்டிருந்தாள். சதுப்பிலிருந்து கொக்குகள் இரண்டும் ஒரே நேரத்தில் அலறின. அந்தப் பறவைகள் எப்போதும் கத்துவதுதான், ஆனால் இது வேறு. பாத்திரத்தைக் கீழே வைத்தாள், ஓடினாள்.

அவள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. தாய்க் கொக்கு மற்ற குஞ்சைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தது. புல்லில் கொஞ்சம் பழுப்பு இறகும் ஒரு காலும் கிடந்தன. ஒத்தைக் காது குட்டிகளோடு தூரத்தில் நின்று வாயை நக்கிக்கொண்டிருந்தது. இறகுகளுக்குப் பக்கத்தில், யாரும் தொடாமல், அன்று காலை போட்ட மாவு உருண்டை கிடந்தது. அதில் மூன்று விரல் தடமும் ஒரு அரை விரல் தடமும் அழுந்தியிருந்தன.

ஊரில் யார் பார்த்தாலும் அது யார் கை என்று கேட்க வேண்டியதில்லை. சோன்சோம் குனிந்து அதை எடுத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மேட்டில் பல்ஜோர் உட்கார்ந்திருந்தான். அவனை அவள் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

ஊரையெல்லாம் குழி வெட்ட வைத்துவிட்டு, தினமும் காலையில் தன் கையாலேயே ஒரு நாயைக் கொக்குக் கூட்டுப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறாள். கயிறு இல்லாமல் கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். லாரியில் நாய் ஏற்றிய நாம்கா கூட இதைவிட மேல். அன்று முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை. ஆடுகளுக்கே அது வினோதமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு குஞ்சு மிச்சம் இருந்தது. உருண்டையை நிறுத்தினால் நாய் போய்விடுமா? போகாது. ருசி கண்டுவிட்டது, குட்டிகள் பெரிதாகிவிட்டன, பசியும் பெரிதாகும். ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல கனமான கல். தாயைக் கொன்றால் ஐந்து குட்டிகள் இருக்கின்றன, எல்லாமே கற்றுக்கொண்டுவிட்டன. ஆறையும் கொல்ல அவளுக்குக் கை வரவில்லை. இதுவரை பாவம் பாவம் என்று புலம்பியவர்களைப் பரிகாசம் செய்தவள், அதற்கும் சேர்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கல்லைப் போட்டாள்.

மறுநாள் காலை ஒத்தைக் காது வழக்கம்போல் வந்தது. ஒரு கையில் உருண்டை, மறு கையில் பால் கறக்கும் கயிறு. நாய் வாயைத் திறந்தபோது கழுத்தில் சுருக்கு விழுந்தது. தாய் கட்டுண்டதும் குட்டிகள் தாமாகவே வந்து சேர்ந்தன. ஆறு கழுத்தையும் ஒரே கயிற்றில் கோத்து, இரு முனையையும் இரும்பு முளையில் முடிந்து, கூடாரத்து முன்னால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் கட்டினாள். ஒளித்துக் கட்ட இடம் இல்லை. இருந்தாலும் ஒளித்திருக்க மாட்டாள்.

கட்டிய நாய்க்குச் சோறு போட்டாக வேண்டும். மோர்த்தண்ணீர், மாவு, வற்றல் குடல். வெண்ணெய்க்குப் போக வேண்டிய பாலில் பாதி நாய்க்குப் போயிற்று. குளிர்காலத்துக்கு வெண்ணெய் போதாது என்பது ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது.

ஊருக்கு இப்படி ஒரு விருந்து கிடைத்து எத்தனை வருஷம் ஆயிற்று! நாம்கா வேண்டுமென்றே குதிரையை அந்த வழியாகத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"என்ன சோன்சோம், நாய்ப் பால் கறக்கிறியா? இதுலேர்ந்து பஷ்மினா ரோமம் எத்தனை கிலோ வரும்?"

"உங்க தாடியைச் சீவினா வர்றதை விட ஜாஸ்தி வரும்" என்றாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. அவர் அதையும் கவனித்துக்கொண்டு போனார்.

பெண்கள் தண்ணீர் எடுக்க வரும்போது நின்றார்கள்.

"ஆச்சே, யாராவது நாய்க்குக் கவளம் போட்டா ஆபீசர் முன்னால நிறுத்தி என்னமோ சொல்லுவேன்னியே?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுவேன்னு சொன்ன?"

"மறந்துபோச்சு."

முப்பது வருஷத்துக்கு முன் யார் வீட்டுக் கல்யாணத்தில் டீயில் வெண்ணெய் குறைந்தது என்பதைக்கூட மறக்காதவள் சோன்சோம். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஆறு நாயும் ஒன்றாகக் குரைத்தன, ஒன்றாக ஒண்ணுக்குப் போயின, ஒன்று இழுத்தால் ஆறும் விழுந்தன. பல்ஜோர் ஒன்றும் கேட்கவில்லை. எதைப் பற்றியும் பேசுகிறவன் இதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு எதுவும் உறைக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பல்ஜோர் விசில் ஊதிக்கொண்டு மேட்டிலிருந்து உருண்டு புரண்டு ஓடிவந்தான். "பறந்துடுச்சு! பறந்துடுச்சு!"

"ஊதாதே, விழுந்துடப் போகுது" என்றாள் சோன்சோம். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். தாய் முன்னால், தகப்பன் பின்னால், நடுவில் அந்தக் குஞ்சு. உப்பு ஏரிக்கு மேல் ஒரு சுற்று வந்து மறுபடி சதுப்பில் இறங்கின. பிறகு அவள் கூடாரத்துக்குள் போய் அழுதாள். இதை அவளே சொல்லியிருக்க மாட்டாள். பல்ஜோர்தான் பின்னால் சொன்னான்.

வாரம் திரும்புவதற்குள் ஆபீசர் வந்தார். ஊர் கூடியது. காவலாளி பல்ஜோரின் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு விழுந்தது. வேலி இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சோன்சோம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆபீசர் பல்ஜோரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பல்ஜோர், இதுல ஒரு முட்டைன்னு எழுதியிருக்கு. ஜூன்ல நான் மறுபடி வந்தப்ப ரெண்டு பார்த்த ஞாபகம்."

சோன்சோமின் கை நின்றது. நாம்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீருக்கு வரும் பெண்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் நேரம் அது. வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுதான் சாப்" என்றான் பல்ஜோர் அவளை முந்திக்கொண்டு. "இன்னொண்ணு கல்லு. முட்டை மாதிரியே இருந்துச்சு. நானே மூணு நாள் ஏமாந்தேன்."

கூட்டம் சிரித்தது. கல்லுக்குக் காவல் இருந்த காவலாளி! நாம்கா தொடையில் தட்டிச் சிரித்தார். ஆபீசரும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "அமாலே, டீ ரொம்ப நல்லா இருக்கு" என்று அம்மா முறை வைத்துச் சோன்சோமிடம் சொன்னார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் கோப்பையை நிரப்பினாள்.

திரும்பி நடக்கும்போது பிற்பகல் காற்று ஆரம்பித்திருந்தது. பல்ஜோர் பட்டுத் துண்டு பறக்காமல் இருக்க அதன் இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் சோன்சோம்.

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

"ஜூன்லேர்ந்து" என்றான் பல்ஜோர். "தினம் காலைல கண்ணாடியில பார்ப்பேன். நீ போடுவ. அது வாங்கிட்டுச் சதுப்புக்குப் போயி, கூட்டைச் சுத்திச் சுத்தி வந்து படுத்துக்கும். ஒரு உருண்டையில அதுக்கு என்ன வயிறு நிறையும்? மறுநாள் உருண்டை இருக்கேன்னுதான் அது மத்த நாயோட போகாம இங்கயே கெடந்துச்சு. நீ அன்னைக்கு அந்த உருண்டையக் கோட்டுக்குள்ள போட்டதையும் பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மா இருந்தியா? முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் குஞ்சு செத்திருக்காதே! ஏன்யா சொல்லல?"

"சொன்னேனே. டீ குடிக்கறப்ப."

சோன்சோம் நின்றுவிட்டாள். காட்டுக் கழுதையும் சிறுத்தையும் அவளுக்கு ஞாபகம் வந்தன. வாயை மூடிட்டு டீயைக் குடி என்றதும் ஞாபகம் வந்தது. அவள்தான் எதையும் மறக்காதவளாயிற்றே.

"ஒரு தடவைதானே சொன்ன" என்றாள்.

"அந்த ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு மூணு நாள் ஆச்சு" என்றான் பல்ஜோர்.

கூடாரம் வந்ததும் அவள் குனிந்து முளையைப் பிடுங்கி ஆறு கழுத்துச் சுருக்கையும் அவிழ்த்துவிட்டாள். குஞ்சு பறந்துவிட்டது, இனி நாய்கள் எங்கே போனால் என்ன? ஒன்றும் போகவில்லை. அவிழ்த்த கயிற்றின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டன. அவள் உள்ளே போய் அடுப்பில் காய்ந்த சாணம் வைத்து ஊதினாள். பல்ஜோர் பட்டுத் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"வேற என்ன பார்த்த?" என்றாள் சோன்சோம் அடுப்பைப் பார்த்தபடி.

"எங்க?"

"அந்தக் கண்ணாடியில. நாலு மாசம் உக்காந்திருந்தியே."

பல்ஜோர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். திட்டு ஏதும் பின்னால் வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தான். வரவில்லை. பிறகு ஆரம்பித்தான். வரித்தலை வாத்துக்கு ஏழு குஞ்சு, அதில் இரண்டு நொண்டி. எந்த லாரிக்காரன் எந்தக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்குகிறான். நாம்காவின் குதிரை அவர் பார்க்காத நேரத்தில் என்ன செய்கிறது. முக்குளிப்பான் எத்தனை எண்ணுவதற்குள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும். டீ கொதித்தது, ஊற்றியாயிற்று, ஆறியும் போயிற்று. அவன் இன்னும் ஜூன் மாதத்தையே தாண்டவில்லை. அவன் சொன்னதில் முக்கால்வாசி வெறும் வெட்டிப் பேச்சுத்தான். சோன்சோம் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மீதிக் கால்வாசி எந்த இடத்தில் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?